பணி ஓய்வுக்குப் பிந்தைய அன்றாட வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பணி ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் ஓய்வு பெற்றவர்களும் இன்னும் சில மாதங்களில் ஓய்வு பெறவிருப்பவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. அவற்றையும், சொந்த அனுபவத்திலிருந்தும் படித்து அறிந்ததிலிருந்தும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ஓய்வூதியம், சேமிப்பு, வரி ஆகியவை நாட்டுக்கு நாடு மாறுபடுவதால் அவற்றைத் தொடவில்லை. உடல்நலம் பற்றிய பதில்கள் உங்கள் மருத்துவரிடம் தெளிவாகப் பேசுவதற்கு உதவும். அவருடைய ஆலோசனைக்கு அவை மாற்றாகா.

முதல் சில வாரங்கள் மகிழ்ச்சியாகக் கழிந்தன. இப்போது காரணம் தெரியாமல் மனம் சோர்ந்து கிடக்கிறது. இது இயல்புதானா?

இயல்புதான். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி 1970-களிலேயே இதை விளக்கியிருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு முதலில் தேனிலவு போன்ற ஒரு காலம் வரும், அதன் பின் ஏமாற்றமும் வெறுமையும் வரும், பிறகு வாழ்க்கையை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொள்ளும் கட்டம் வரும், கடைசியாக நிலைபெறுதல் வரும் என்பது அவருடைய பகுப்பு. எல்லாரும் இதே வரிசையில் கடப்பதில்லை என்றாலும், இரண்டாம் கட்டத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே ஆறுதலாக இருக்கும். ஹோம்ஸ், ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் 1967-இல் வெளியிட்ட மன அழுத்தப் பட்டியலில், வாழ்க்கையைப் புரட்டிப்போடும் 43 நிகழ்வுகளுள் பணி ஓய்வு பத்தாம் இடத்தில், 45 புள்ளிகளுடன் இருக்கிறது. வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு அவர்கள் கொடுத்த புள்ளிகள் 47. விரும்பி எதிர்பார்த்துக் காத்திருந்த ஓய்வும் உடலையும் மனத்தையும் ஏறக்குறைய அதே அளவுக்கு உலுக்கக்கூடியது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் திங்கட்கிழமை இன்றும் நினைவில் இருக்கிறது. வழக்கம்போல் ஐந்து மணிக்கு விழித்து, குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, பொத்தான்களையும் போட்டு முடித்த பிறகு, கைக்கடிகாரத்தைத் தேடும்போதுதான் போவதற்கு இடமில்லை என்பது உறைத்தது. வேலை எனக்குச் சம்பளத்தோடு வேறு நான்கையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது என்பது அன்றைக்குப் புரியவில்லை; ஓராண்டு கழிந்த பிறகே புரிந்தது. நாளுக்கு ஒரு வடிவம், பேசுவதற்கு மனிதர்கள், உடலுக்கு ஓர் அலைச்சல், யாருக்கோ நாம் தேவைப்படுகிறோம் என்ற உணர்வு ஆகியவையே அவை. இந்த நான்கையும் நாமாகவே ஒவ்வொன்றாக மீண்டும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதைப் பற்றியவைதான்.

நாளை எப்படி வகுத்துக்கொள்வது? கால அட்டவணை போட்டால் மூன்றாம் நாளே கைவிட்டுவிடுகிறேன்.

மணிக்கு மணி எழுதிய அட்டவணை ஓய்வுக் காலத்தில் நிலைப்பதில்லை. அதை மீறினால் கேட்பதற்கு யாரும் இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு நாளுக்கும் மூன்று விஷயங்களை மட்டும் உறுதியாக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். முதலாவது, விழிக்கும் நேரம் ஏழு நாளும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டாவது, காலை வெளிச்சத்தில் அரை மணி நேரமாவது வீட்டுக்கு வெளியே இருங்கள். உடலின் உள் கடிகாரம் காலை வெளிச்சத்தைக் கொண்டுதான் தன்னைத் திருத்திக்கொள்கிறது, இரவுத் தூக்கமும் அதைப் பொறுத்தே அமைகிறது. மூன்றாவது, வீட்டில் இல்லாத ஒருவரோடு ஒரு முறையேனும் பேசுங்கள். இவை மூன்றும் நடந்துவிட்டால் மீதி நேரம் எப்படிப் போனாலும் அந்த நாள் வீணாகிவிட்டதாகத் தோன்றாது.

கிழமைகளுக்குள் வேறுபாடு இருப்பதும் முக்கியம். எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது. மாதங்கள் ஓடியதே தெரியாமல் போகும். செவ்வாய்க்கிழமை நூலகம், வியாழக்கிழமை நண்பர் வீடு என்று வாரத்தில் இரண்டு நாள்களுக்காவது ஓர் அடையாளம் கொடுத்துவிடுங்கள். அந்த ஏற்பாட்டில் இன்னொருவரும் சேர்ந்திருந்தால் அது நிலைக்கும். தனக்குத் தானே கொடுத்த வாக்கைத் தள்ளிப்போடுவது எளிது. வாசலில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கும்போது அப்படிச் செய்ய மனம் வராது.

வேலையைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது. எந்தப் பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுப்பது?

முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்தவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் சொல்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில், யாரும் சொல்லாமலேயே நீங்கள் எதைச் செய்துகொண்டிருந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பொருள்களைப் பிரித்துப் பூட்டினீர்களா, பாடினீர்களா, செடி வளர்த்தீர்களா, கணக்குப் புதிர்களோடு மல்லுக்கட்டினீர்களா? அந்த இடத்திலிருந்து தொடங்கியவர்கள் பெரும்பாலும் தொடர்ந்து செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

நான் ஓவியம் வரைவதைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வாரம் முழுவதும் ஒரு கண்ணாடிக் குவளையை மட்டுமே வரைந்தேன். குவளையின் வாய் வட்டம் என்று மூளைக்குத் தெரியும். ஆனால் மேசைக்கு எதிரே அமர்ந்திருப்பவரின் கண்ணுக்குத் தெரிவது ஒடுங்கிய நீள்வட்டம். தெரிந்ததை வரையாமல் தெரிவதை வரைவதற்குக் கை பழகும்வரை ஒவ்வொரு படத்திலும் குவளை என்னை நோக்கிக் கவிழ்வதுபோல் இருந்தது. ஏழாம் நாள், பென்சிலை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடி, அந்த நீள்வட்டத்தின் உயரம் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று அளந்து வரைந்தபோது குவளை மேசையில் உட்கார்ந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் முழங்கால் வலியையோ, யாரோ தொலைபேசியில் அழைக்காததையோ நான் நினைக்கவே இல்லை. பொழுதுபோக்கு என்று நாம் பெயரிட்டிருப்பது பொழுதை வெறுமனே போக்குவதன்று; கவனம் முழுவதையும் ஒரு பொருளின்மேல் வைப்பது என்பதை அன்று உணர்ந்தேன்.

நடைமுறையில் இரண்டு விஷயங்களைச் சொல்வேன். முதல் மூன்று மாதங்களுக்கு விலை உயர்ந்த கருவி எதையும் வாங்காதீர்கள். இரவல் பெறுங்கள், அல்லது எளியதை வைத்துத் தொடங்குங்கள். அதே மூன்று மாதங்களுக்குள் கைவிடவும் வேண்டாம், ஏனெனில் எந்தக் கலையும் தொடக்கத்தில் இன்பம் தருவதில்லை. முடிந்தால் தனியாகச் செய்வது ஒன்று, பிறரோடு சேர்ந்து செய்வது ஒன்று என இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளுக்கும் உடம்பு சரியில்லாத நாளுக்கும் முதலாவது கைகொடுக்கும். இரண்டாவது உங்களை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவரும்.

இந்த வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். வயது ஏற ஏற மூளை ஒன்றைப் புரிந்து செயல்படும் வேகம் குறைகிறது. ஆனால் சொல்வளமும் திரட்டி வைத்த அறிவும் முதுமையிலும் வெகுகாலம் குறையாமல் நிற்கின்றன. ஆகவே வேகப் போட்டியைத் தவிர்த்துவிட்டு, சிறிது சிறிதாக, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படியுங்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் படிப்பதைவிட நாளுக்கு இருபது நிமிடமாக ஆறு நாள் படிப்பது மனத்தில் தங்கும்.

தினமும் நடக்கிறேன். அது போதாதா?

நடை மிக நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நன்றாக நடக்கும் பலர், தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாத நிலையில் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு. அத்துடன் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாள் சமநிலையைப் பேணும் பயிற்சியும் வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டுதல். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இந்தப் பிற்பகுதியைத்தான்.

வயதோடு தசை கரைவதற்கு 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற ஆய்வாளர் சார்கோபீனியா என்று பெயரிட்டார். இந்த இழப்பை எந்த வயதிலும் ஓரளவு மீட்கலாம். 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் வசித்த, சராசரியாகத் தொண்ணூறு வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய தொடைத் தசையின் வலிமை இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. தொண்ணூறு வயதில் நடந்தது அறுபதில் நடக்காமல் போகாது.

உங்கள் கால்களின் வலிமையை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். 65 முதல் 69 வயதுவரை உள்ள ஆண்களுக்கு 12-க்கும், பெண்களுக்கு 11-க்கும் குறைந்தால் அது சராசரிக்குக் கீழ் என்று கொள்கிறார்கள். குறைவாக வந்தால் அந்தச் சோதனையையே பயிற்சியாக்கிவிடலாம்: காலையும் மாலையும் மெதுவாக எட்டு முறை எழுந்து உட்காருவதிலிருந்து தொடங்குங்கள். சமநிலைக்கு, சமையல் மேடையை ஒரு விரலால் தொட்டபடி ஒற்றைக் காலில் பத்து வினாடி நில்லுங்கள். இதய நோயோ மூட்டுப் பிரச்சினையோ உள்ளவர்கள் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

கீழே விழுந்துவிடுவோமோ என்ற பயம் வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் விழுகிறார் என்பதால் அந்தப் பயம் ஆதாரமற்றதன்று. ஆனால் பயந்து நடமாட்டத்தைக் குறைத்தால் கால்கள் மேலும் தளர்ந்து, விழும் வாய்ப்புத்தான் கூடும். படுக்கையிலிருந்து குளியலறைவரை இரவு விளக்கு, குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரைவிரிப்பும், தளர்ந்த செருப்புக்குப் பதிலாகக் குதிகாலைப் பிடிக்கும் காலணி ஆகியவை முதல் வேலை. பலர் அறியாத ஒன்று மூக்குக் கண்ணாடி: கீழ்ப்பகுதி படிப்பதற்காக அமைந்த கண்ணாடியை அணிந்து படியிறங்கும்போது, படியின் விளிம்பு அந்தப் பகுதி வழியாக மங்கலாகத் தெரிகிறது. வெளியே செல்லவும் படியேறி இறங்கவும் தூரப்பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அதை உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எழுந்த மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 அளவுக்கு இறங்குவதை மருத்துவர்கள் ஒரு கோளாறாகவே கருதுகிறார்கள். மாத்திரையின் அளவை மாற்றினாலே பல நேரங்களில் இது சரியாகிவிடும். அதுவரை, படுக்கையின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள்.

உணவில் எதைக் கவனிக்க வேண்டும்?

பெரும்பாலானோர் சர்க்கரையையும் உப்பையும் குறைப்பதில் காட்டும் அக்கறையைப் புரதத்தில் காட்டுவதில்லை. பொதுவாக வயதுவந்தோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது; முதியோருக்கு 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013-இல் வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 72 கிராம்வரை ஆகும். இதை ஒரே வேளையில் உண்பதைவிட மூன்று வேளைக்கும் பகிர்ந்துகொள்வது தசைக்கு நல்லது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத்தான் பின்பற்ற வேண்டும்.

வயதானால் தாக உணர்வு மங்குகிறது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் நேரம் பார்த்துத் தண்ணீர் குடியுங்கள். வயிற்றில் அமிலச் சுரப்பு குறைவதாலும், நீரிழிவுக்கான மெட்ஃபார்மினை நீண்ட காலம் உட்கொள்வதாலும் வைட்டமின் பி12 குறையக்கூடும். கால் மரத்துப்போதல், மறதி, களைப்பு ஆகியவற்றை வயதின் தலையில் கட்டுவதற்கு முன் அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

தூக்கம் குறைந்துவிட்டது. மாத்திரை எடுக்கலாமா?

65 வயதுக்கு மேலும் ஏழு முதல் எட்டு மணி நேரத் தூக்கம் தேவை; தேவை குறைவதில்லை, ஆழம் குறைகிறது, இடையில் விழிப்பது கூடுகிறது. மதியத் தூக்கத்தை அரை மணிக்குள், மூன்று மணிக்கு முன் முடித்துக்கொண்டாலே பலருக்கு இரவு திருந்துகிறது. தூக்க மாத்திரையை நீங்களாகவே வாங்கிப் பழகிவிடாதீர்கள். இரவில் எழும்போது தடுமாறி விழுவதற்கும் பகலில் மந்தமாக இருப்பதற்கும் அது முக்கியமான காரணம்.

மாத்திரைகள் பெருகிக்கொண்டே போகின்றன. எப்படிச் சமாளிப்பது?

ஒவ்வொரு மருத்துவரும் எழுதிக்கொடுத்தது, கடையில் நீங்களே வாங்கியது, மூலிகை மருந்து, கண் சொட்டு மருந்து என எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, ஆண்டுக்கு ஒரு முறையாவது உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் மேசையில் கொட்டி, இவற்றில் எது இனித் தேவையில்லை என்று கேளுங்கள். மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991-இல் தொடங்கிவைத்த, முதியோருக்குத் தகாத மருந்துகளின் பட்டியலை மருத்துவ உலகம் இன்றுவரை புதுப்பித்து வருகிறது. சளிக்கும் அரிப்புக்கும் சாதாரணமாக வாங்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் அதில் உள்ளன. அவை முதியோருக்கு மனக்குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். நீங்களாக எதையும் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம்.

காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. கருவி வைத்துக்கொள்ள மனமில்லை.

என் நண்பர் ஒருவர் இப்படித்தான் ஆறு ஆண்டுகள் தள்ளிப்போட்டார். கூட்டமாக இருக்கும்போது எல்லாரும் சிரித்தால் அவரும் அரை வினாடி தாமதமாகச் சிரிப்பார். பிறகு கூட்டங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவருக்குக் கர்வம் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். கேட்காமல் போவதால் வரும் இழப்பு ஒலியோடு நிற்பதில்லை, மனிதர்களும் விலகிப்போகிறார்கள்.

லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020-இல் மறதி நோய்க்கான, மாற்றியமைக்கக்கூடிய 12 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. 2024-இல் அது 14 ஆனது. செவித்திறன் குறைவு இரண்டிலும் இருக்கிறது. சரிசெய்யப்படாத பார்வைக் குறைவு 2024-இல் சேர்க்கப்பட்டது. கருவி வைத்த முதல் நாள் தட்டுகள் மோதும் ஒலியும் காகிதம் கசங்கும் ஒலியும் எரிச்சலூட்டும். மறந்துபோன ஒலிகளை மூளை மறுபடி தரம்பிரித்துப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். முதலில் அமைதியான அறையில் நாளுக்குச் சில மணி நேரம் அணிந்து, படிப்படியாக நேரத்தைக் கூட்டுங்கள். முதல் வாரத்திலேயே கழற்றி இழுப்பறையில் வைத்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

நாள் முழுவதும் வீட்டில் இருப்பதால் கணவன் மனைவிக்குள் உரசல் வருகிறது.

இத்தனை ஆண்டுகள் பகல் முழுவதும் அந்த வீட்டை ஒருவர் தம் போக்கில் நடத்திவந்திருப்பார், அல்லது இருவருமே பகலில் வெளியே இருந்திருப்பீர்கள். ஓய்வு பெற்றவர் அடுப்படிக்குள் நுழைந்து யோசனை சொல்லத் தொடங்கும்போதுதான் பெரும்பாலான சண்டைகள் பிறக்கின்றன. யோசனை சொல்வதை விட்டுவிட்டு, ஒரு வேலையை முழுதாக ஏற்றுக்கொள்ளுங்கள். துணி துவைப்பதென்றால் ஊறவைப்பது முதல் மடித்து அடுக்குவதுவரை உங்களுடையது. ஒவ்வொருவருக்கும் ஒரு மூலையும், நாளில் சில மணி நேரத் தனிமையும் இருக்கட்டும். பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதையும் இருவரும் பேசி, எந்தெந்த நாள்கள் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

நான் தனியாக வசிக்கிறேன். புதிதாக நட்பை எங்கே தேடுவது?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கி இன்றும் தொடரும் ஆய்வு ஒன்று, முதுமையில் உடல்நலத்துக்கும் மகிழ்ச்சிக்கும் நல்ல உறவுகள் எவ்வளவு துணை நிற்கின்றன என்பதைத் தொடர்ந்து காட்டிவருகிறது. இந்த வயதில் நட்பு பெரும்பாலும் நேரடியாகத் தேடிக் கிடைப்பதில்லை. ஒரே வேலையில் பக்கத்துப் பக்கமாக இருப்பவர்களுக்குள் தானாக வருகிறது. பாட்டுக் குழு, தோட்டம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருதல், நூலகத்தில் புத்தகம் அடுக்குதல் என்று ஒரே முகங்களை வாரந்தோறும் காணும் ஓரிடத்தில் சேர்ந்துவிடுங்கள். முதல் நான்கைந்து முறை யாரும் பெரிதாகப் பேசாவிட்டாலும் போவதை நிறுத்தாதீர்கள். பழைய நண்பர்களில் ஒருவரை இன்றே தொலைபேசியில் அழையுங்கள். அவரும் யாராவது அழைக்கமாட்டார்களா என்று இருக்கக்கூடும்.

எதற்கெல்லாம் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தொங்கிப்போதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே, படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் இதே அவசரம் உண்டு. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால், அது மறதி நோய் என்று முடிவுகட்டாமல் அன்றைக்கே காட்டுங்கள். நோய்த்தொற்றோ, புதிய மாத்திரையோ, நீரிழப்போ காரணமாக இருக்கலாம். முயலாமலே எடை குறைவதும் காட்ட வேண்டியதே.

மனச்சோர்வையும் இதே பட்டியலில் வைக்கிறேன். முதியோரிடம் அது அழுகையாக வராமல் உடல்வலியாகவும், பசியின்மையாகவும், விடியற்காலை விழிப்பாகவும் வருவதுண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், காய்ச்சலைச் சொல்வது போலவே அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அதற்குச் சிகிச்சை உண்டு, முதுமையிலும் அது பலன் தருகிறது. ஒரு காகிதத்தில் உங்கள் நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாதவை, அழைக்க வேண்டிய இருவரின் எண்கள் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, கதவுக்கு உட்புறம் இன்றே ஒட்டிவைத்துவிடுங்கள்.